களி கிண்டிய சனிக்கிழமை

நைனாவின் பைக் குழியில் துள்ளி, பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை விழுந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தையல் காய்ந்து, தலையில் முடியும் முளைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூர் வீட்டுக்குத் திரும்பியதும் ஆபத்து முடிந்தது என்றே நினைத்தோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகவில்லை. குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். மத்தியானமே துவண்டு படுத்துவிடுவாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பேரைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் டம்ளர் பறக்கும்.

"செல்லம் குடுத்து திமிரு ஏறிப்போச்சு" என்றார் எதிர்வீட்டு அக்கா. திருப்பதி டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூளையில் பட்ட அடி ஆற நாளாகும், கோபமும் மறதியும் அந்த அடியால் வந்தவை, பிள்ளையின் குணமில்லை என்றார். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

தங்கைக்கு ஒரே கவலை. ஜூனில் பள்ளி திறக்கும்போது தோழிகளோடு அஞ்சாவதில் உட்கார வேண்டும். "என்னை மறுபடி நாலாவதுல குந்த வெச்சுடுவாங்களா ண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ரேணிகுண்டாவில் வேலை பார்க்கும் எனக்குச் சனிக்கிழமை லீவு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், டாக்டர் எழுதிக்கொடுத்த பேச்சுத் தெரபிக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த மேடம், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நைனா கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"தெலுகே மேடம். அன்னீ தெலுகே." எல்லாமே தெலுங்குதானாம்.

மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் நைனாவுக்குத் தமிழ் மறந்துவிடும். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் தெருவே அப்படித்தான்.

மேடம் படங்களைக் காட்டினார். பஸ், பென்சில், தராசு எல்லாம் தங்கை சொன்னாள். முறம், கரண்டி, அம்மிக்கல் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். வாரங்கள் இப்படியே போயின. ஒருநாள் களி கிண்டுவதை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அவள் படங்களையெல்லாம் தட்டிவிட்டாள். இந்த வருஷமும் அதே வகுப்பில் இருக்கட்டுமே என்றார் மேடம், மெதுவாக. அவள் முகம் சுருங்கிவிட்டது.

நான் குனிந்து படங்களைப் பொறுக்கினேன். அவளைத் தேற்றுவதற்காக, "வுடு, நான் சொல்றேன். மொதல்ல மாவைக் கொட்டி, மேல பச்சத்தண்ணி ஊத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயே! தண்ணி கொதிக்கணும் ண்ணா. அப்புறம் நொய்யி வேவணும். அப்புறம்தான் மாவு. நீ கிண்டுனா நாயிகூடத் துன்னாது."

மேடம் நிமிர்ந்து, "ஏமந்தி?" என்றார். அவள் சொன்னதைத் தெலுங்கில் சொன்னேன். பிறகு நைனாவைப் பார்த்தேன். நைனா தரையைப் பார்த்தார். உண்மையையும் சொல்லிவிட்டேன். "பள்ளிக்கூடமும் சந்தையும் தெலுங்கு, மேடம். அடுப்பும் சண்டையும் தமிழ்."

மேடம் சிரித்துவிட்டார். எந்தப் பாஷையில் வந்தாலும் வரட்டும், வருவதுதான் முக்கியம் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு வாரமும் எதையாவது வாயாலேயே தப்பாகச் சமைப்பது என் வேலை, திட்டித் திருத்துவது அவள் வேலை என்று ஆனது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. சொல் சிக்கினால் கண்ணை மூடி, அது எதற்கு ஆகும் என்று சொல்லிப் பார்க்க மேடம் அவளைப் பழக்கினார். "மரத்துல... நீட்டா... கிண்டுவாங்களே... துடுப்பு!" அதுவரை நாங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வீட்டில் அம்மாவுக்குத்தான் அது பெரும்பாடு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

மேடமும் சரி என்றதால் ஜூனில் அஞ்சாவதில் சேர்த்தோம். மத்தியானம் வரைக்கும்தான். வெயிலுக்குத் தொப்பி. மணியடிக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி பெஞ்சு. இன்னமும் சில நாள் தலைவலி வருகிறது, சில சொற்கள் வருவதில்லை.

சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர், "வீட்ல தெலுகுதானே?" என்றார். நைனா கையைக் கட்டினார். பிறகு அவிழ்த்துவிட்டார்.

"ரெண்டும் சார். கோவம் வந்தா மட்டும் தமிளு."

அதற்குள் தங்கை வகுப்புக்குள் போயிருந்தாள். "ஏய், தள்ளிக் குந்துங்கடி" என்ற அவள் குரல் எங்கள்வரை கேட்டது.