கீழ்ச்சரிவில் நான் மாட்டிய பலகை

அரவேணு என்ற மலையூருக்குச் சற்று மேலே எங்களுக்குச் சிறியதொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் கீழ்ச்சரிவில் அந்த ஆண்டு களைக்கொல்லி அடிப்பதில்லை என்று அம்மா முடிவெடுத்தார். மருந்து அடித்த இடத்தில் தரை மொட்டையாகி, மழையோடு மண்ணும் ஓடைக்குப் போய்விடுகிறது என்பது அவர் கட்சி. உயரமாக வளரும் புல்லைப் பூப்பதற்கு முன்பே தரையொட்டி அறுத்து, அதையே தேயிலைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்ப வேண்டும். வேரை மட்டும் மண்ணிலேயே விட்டுவிட வேண்டும். படர்ந்து கிடக்கும் வல்லாரையைத் தொடவே கூடாது.

அப்பா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"ஒரு மழைக்காலம் பாக்கலாம். கொழுந்து குறைஞ்சுதுன்னா அன்னைக்கே மருந்து டேங்கை முதுகுல மாட்டிருவேன். அப்பறம் என்னைச் சொல்லப்படாது."

கொழுந்து பறிக்க வரும் நான்கு பெண்களும் காலில் இடறும் புல்லை வேரோடு பிடுங்கி வழியில் எறிவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், அம்மா எத்தனை முறை சொல்லியும் கை கேட்கவில்லை. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அவர்களிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்ததால், ஒரு பலகையில் வெள்ளை வண்ணத்தால் எழுதிக் கீழ்ச்சரிவின் முகப்பில் மாட்டினேன். 'பிடுங்க வேண்டாம்' என்றுதான் முதலில் நினைத்தேன். அச்சொல் காதுக்குக் கொச்சையாகப் பட்டது. களை என்பதை இடமே உணர்த்திவிடும் என்று அதையும் விட்டேன். 'இங்கே பறிக்க வேண்டாம்' என்று சுருக்கமாக முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் ஓர் உறவினர் திருமணத்துக்காகக் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார்கள். திரும்ப ஒரு வாரம் ஆயிற்று. இடையில் கொழுந்து மூட்டைகள் குறைவாக வந்ததைக் கவனித்தேன். காரணம் கேட்கவும் கூச்சம்.

வந்த மறுநாள் காலையில் மேல்சரிவில் நின்றே தோட்டத்தை நோட்டமிட்ட அப்பா நேரே கொட்டகைக்குப் போய் மருந்து டேங்கை வெளியே எடுத்தார்.

"கீழ எலை பூரா முத்திக் கெடக்குது. புல்லு காலைச் சுத்துதுன்னு பொம்பளைக எறங்கவே இல்லையாட்ட இருக்குது."

அம்மா அப்பாவின் பின்னாலேயே நடந்தார்; நானும் போனேன். மேல்சரிவில் அந்த நால்வரும் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனக்கா, கீழ ஏன் எறங்கல?" என்று மூத்தவரைக் கேட்டார் அப்பா.

"நல்லாருக்குதுங்க! நீங்களே போர்டு மாட்டிப்போட்டு எங்களைக் கேக்கறீங்களே?"

"என்ன போர்டு?"

"பறிக்க வேண்டாம்னுதான். மருந்து கிருந்து அடிச்சிருப்பீங்கன்னு ஒதுங்கிப் போயிட்டோம். எழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"களையைச் சொன்னேன்" என்றேன்.

"களையைப் புடுங்கறது, அம்மிணி. கொழுந்தைத்தான் பறிக்கறது. காலேசுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

நால்வரும் கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தார்கள். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கொழுந்து குறைஞ்சது என் புல்லாலயா, உங்க புள்ளையோட தமிழாலயா?"

அப்பா டேங்கைக் கீழே வைத்தார். "புல்லுக்கு மருந்து இருக்குது. இதுக்கு எங்க போய் வாங்கறது?"

முற்றிய இலைகளை அகற்றினால்தான் புதுத் தளிர் வரும். கீழ்ச்சரிவில் அந்த வேலையில் எனக்கும் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது.

"பறிக்கறீங்களா, புடுங்கறீங்களா அம்மிணி?" என்றது பக்கத்து வரிசை.

"ஒடிக்கிறேங்க" என்றேன். மறுபடி சிரிப்பு, இம்முறை நானும் சேர்ந்துகொண்டேன்.

அதற்குள் அப்பா ஒரு செடியருகே குந்தி, மூடாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து அடித்த மேல்சரிவில் மழை அரித்து வேர்கள் வெளியே தெரிந்தன. இங்கே ஒரு வேரும் தெரியவில்லை. அவர் மூடாக்கைப் பழையபடி இழுத்துவிட்டு எழுந்தார்.

"இந்த ஒரு வாரத்தைக் கணக்குல சேத்த வேண்டாம்" என்றார் அம்மாவிடம், முகத்தைப் பார்க்காமல். "ஆமா, மேலயும் இதே மாதிரி அறுக்கறதுன்னா எத்தனை அருவா வேணும்?"