கட்டில் மட்டத்தில் ஒரு பூப்பாத்தி

வாசலில் பூப்பாத்தி போடுகிற தொழிலில் செடியோடு மல்லுக்கட்டுவது கொஞ்சம்தான். வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அதிகம். ஆசையாக நாலு செடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஆடு மேய்ந்து முடித்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டு, கேட்டைத் திறந்து போட்டது யார் என்று வீட்டுக்குள் சண்டை போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் காலாப்பட்டிலிருந்து மொபெட்டில் கடப்பாரை, மண்வெட்டி சகிதமாகப் புதுச்சேரிக்குள் வருகிறவர்கள். தோண்டுவது அவர். எந்தச் செடி எங்கே என்று சொல்வது நான். திட்டு வாங்குவது மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

கோலம் எங்கே போச்சு

லாஸ்பேட்டையில் ஒரு வீடு. கணவன் மனைவி இருவருக்கும் பேங்க் வேலை. கணவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று இடம் காட்டினார். கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் ஆள் நடக்க ஒற்றைக் கல் பாதை. அவர் காட்டிய இடமெல்லாம் தோண்டி, காசித்தும்பைக் கன்றுகளை நட்டுவிட்டு வந்தோம். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் தண்ணீர் ஊற்றப் போனால் பாத்தியின் ஈர மண்மேல் பெரிய சிக்குக் கோலம். புள்ளியே வைக்கவில்லை. எங்கள் கன்றுகளையே புள்ளியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி அரிசி மாவால் இழைத்திருந்தார் வீட்டுக்கார அம்மா புவனா. எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. தினமும் என் வாசலில் கோலம் போடுகிற எனக்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்று தோன்றாமல் போனதுதான் வெட்கக்கேடு. கணவரோ, "வாசல்ல எதுக்கு இடம் வேணும்?" என்று நிஜமாகவே கேட்டார். பாவம், அவர் எழுந்து வருகிற நேரத்தில் கோலம் ஏற்கெனவே இருக்கும். புவனா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோலம் தரையோட சேர்ந்து வந்ததுன்னே இத்தினி வருஷமா நெனச்சிட்டு இருக்காரு."

எதிர்வீட்டு முசியே

அந்தப் பாத்தியை இரண்டு பக்கமும் சுருக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காலை வேளையிலேயே முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். தெருவே அவரைப் பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி 'முசியே' என்றுதான் கூப்பிடும். "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி எனக்குக் கை நீட்டினார். என் கையெல்லாம் சேறு. அவர் அதைப் பார்க்காதது மாதிரியே குலுக்கினார்.

அவர் மனைவி மதாம் செசில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார், பேச்சும் நின்றுபோய்விட்டது என்றார். இப்படியே படுத்திருந்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாதாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு பூப்பாத்தி இருந்தால் அவர் இந்தப் பக்கம் திரும்புவார் என்பது முசியேயின் நம்பிக்கை. "மதாமுக்குச் செடின்னா உசுரா?" என்று கேட்டேன். இல்லையாம். ஒரு செடிக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லையாம். ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்கள் எல்லாரோடும் வாயாடுவதுதான் பிடிக்குமாம். இதில் பூ என்ன செய்யும் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்: "பூ பூக்க வைக்கறது உங்க வேல. அவள இந்தப் பக்கம் திருப்பறது என் வேல."

இன்னும் கொஞ்சம் இடி

முசியே வீட்டு வாசல் முழுக்க சிமெண்டுத் தளம். ஏழுமலை கடப்பாரையை ஓங்கி இரண்டு போடு போட்டிருப்பார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "எவன்டா அவன், பாடையில போறவன், மண்டையே பொளக்குது" என்று வந்தது. ஏழுமலை கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று முந்தானையில் கையைத் துடைத்தேன்.

அதற்குள் முசியே உள்ளேயிருந்து ஓடி வந்தார். எழுபதைத் தாண்டியவர் அப்படி ஓடுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கண் கலங்கியிருந்தது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்: "நிறுத்தாத தம்பி. இன்னும் கொஞ்சம் இடி. அவ வாயத் தொறந்து எத்தினி நாளாச்சு."

கரண்டுக் கம்பி

தளத்துக்குக் கீழே ஜல்லியும் உடைந்த ஓடும்தான் வந்தது. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்துப் பதித்தோம். ஜன்னலை மறைத்துவிடக் கூடாது என்று குட்டைச் செடிகளாகப் பார்த்து, மொட்டு விட்டதாகவே வாங்கினேன். பின்வரிசையில் காசித்தும்பை, முன்வரிசையில் பத்து மணிப் பூ. ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பூ நிறைந்த அன்றைக்கு முசியே முகச்சவரம் செய்துகொண்டு மனைவியிடம் போய் உட்கார்ந்தார். நாங்கள் களை பிடுங்குவது மாதிரி ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு காது கொடுத்தோம். வெகுநேரம் கெஞ்சினார். கட்டில் கிறீச்சிட்டது. மதாம் திரும்புகிறார் என்று ஏழுமலை என் தோளைத் தட்டினார். மறுபடி கட்டில் கிறீச்சிட்டது. சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டு மதாம் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது: "பூ எங்க இருக்குது? கரண்டுக் கம்பிதான் தெரியுது."

படுத்துப் பார்த்த வேலை

எனக்குப் பெரிய அவமானம். பாத்தி போடுகிற நாங்கள் எல்லாரும் தெருவில் நின்றுதான் அழகு பார்ப்போம். கட்டிலில் இருப்பவருக்காகப் போடுகிற பாத்தி என்று தெரிந்தும், நான் நின்றபடியேதான் பார்த்திருக்கிறேன். மறுநாள் முசியேயிடம் கேட்டுக்கொண்டு நேரே முன்னறைக்குப் போய், மதாம் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த முசியேயின் கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டேன். ஜன்னல் விளிம்புக்கு மேலே வானம், கம்பி, ஒரு காக்கா. அவ்வளவுதான்.

வெளியே நின்ற ஏழுமலையிடம் உள்ளங்கையைத் தட்டையாகக் காட்டச் சொன்னேன். "ஏங்க, இன்னும் மேல. இன்னும். ஆங், போதும்." சுவரைப் பார்த்திருந்த மதாமுக்குப் பொறுக்கவில்லை. "யாரு இவ, என் வீட்டுல வந்து படுத்துக்குனு கத்தறா?" என்றார். எனக்கும் கோபம் வந்தது. "உங்களுக்குத்தான் மதாம் இந்தப் பாத்தி. நீங்க பாத்துச் சொல்ல மாட்டீங்க. அதான் நான் படுத்துப் பாக்கறேன்" என்றேன். ரொம்பப் பேசிவிட்டேனோ என்று பயந்து அந்தப் பக்கம் பார்த்தால், மதாமின் முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. எப்போது திரும்பினார் என்றே தெரியவில்லை. "கைய இன்னும் ஒரு சாண் தூக்கச் சொல்லு. உனக்குக் கழுத்து நீளம், எனக்கு அது பத்தாது."

கேட்டில் நின்றால்

அந்த உயரத்துக்குச் செங்கல் கட்டி எழுப்பினோம். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாமல் இடைவெளி விட்டோம். மண் நிரப்பி, அதே செடிகளைப் பெயர்த்து மேலே நட்டோம். படுத்துப் பார்த்தால் ஜன்னலின் கீழ்ப்பாதி முழுக்கப் பூவாக இருந்தது. மதாம் இந்தப் பக்கமாகவே படுக்க ஆரம்பித்தார். எழுந்திருக்கத்தான் இல்லை.

வேலை முடித்துக் கைகால் கழுவிவிட்டு நாங்கள் மூன்று பேரும் கேட்டில் நின்று பார்த்தோம். நீளமான செங்கல் மேடை, மேலே பூ. கல்லறைத் திருநாளுக்குச் சோடித்து வைத்த கல்லறை மாதிரியே இருந்தது. பூசி வண்ணம் அடித்துவிடலாம், இல்லையென்றால் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்று ஏதேதோ உளறினேன். முசியே கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். "உடும்மா. உள்ள படுத்திருக்கறவளுக்கு இது தெரியவா போவுது."

செவுளைக் காட்டு

பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற மீன்காரம்மா முன்பெல்லாம் ஜன்னலுக்கே வந்து கூடையைத் தூக்கிக் காட்டுவாராம். இப்போது நடுவில் எங்கள் மேடை இருக்கிறது. ஒருநாள் நாங்கள் உரம் வைத்துக்கொண்டிருந்தபோது வந்தவர், கூடையை மேடைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, "சங்கரா வந்திருக்குது மதாம், இப்பத்தான் வலையிலேர்ந்து எடுத்தது" என்று பூவுக்கு மேலே கத்தினார். "செவுளக் காட்டு" என்றார் மதாம். மீன்காரம்மா ஒரு மீனைத் தூக்கினார். காசித்தும்பை மறைத்தது. "தெரியல, இன்னும் தூக்கு." "இதுக்கு மேல கை எட்டல மதாம்."

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. முனகல் கேட்டது. முசியே பதறிப்போய் உள்ளே ஓடினார். பூவுக்கு மேலே மெதுவாக ஒரு நரைத்த தலை வந்தது, அப்புறம் மூக்குக் கண்ணாடி, அப்புறம் கழுத்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதாம் உட்கார்ந்திருந்தார். வலியில் உதட்டைக் கடித்திருந்தார். தாங்கிப் பிடிக்கப் போன முசியேயின் கையைத் தட்டிவிட்டார். "தள்ளு. படுத்துக்குனே வாங்கினா பழைய மீன நம்ம தலையில கட்டிடுவா."

யாருக்குக் கட்டினீர்கள்

அதற்குப் பிறகு வேறு வேறு வேலைகளில் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் காலையில் புவனா போன் செய்தார். கோலம் போட வாசலுக்கு வந்தவர் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு மாவுக் கையோடே போன் செய்கிறாராம். "சீக்கிரம் வாங்கக்கா. மதாம் கேட்டுல நின்னுக்குனு உங்க ரெண்டு பேரையும் திட்டறாங்க" என்றார். நின்றுகொண்டா என்று இரண்டு தடவை கேட்டேன்.

போய் இறங்கினோம். கேட்டுக்கு உள்பக்கம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மதாம் நின்றிருந்தார். கால் லேசாக நடுங்கியது. பின்னால் முசியே நாற்காலியோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, முடியாமல், "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு அழுதார். மதாமுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்துச் செங்கல் மேடையை நோக்கி நீட்டினார். "யாருக்குக் கல்லற கட்டி வெச்சிருக்கீங்க? நான் இங்க நிக்கறேன். இடிங்க அத."

நாங்கள் கட்டியதை இடிக்கச் சொன்ன வீட்டுக்காரர்களை எல்லாம் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிற ஏழுமலை, கடப்பாரை எடுக்க மொபெட்டுக்கு ஓடியது அந்த ஒரு வீட்டில்தான்.