எக்ஸ்பிரஸில் ஏறாத அக்கா

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் மதுரை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். உட்கார இடமும் இருக்கும். டைப்பிஸ்ட் அக்கா ஏற மாட்டார். பின்னால் ஆடி அசைந்து வரும் டவுன் பஸ்ஸுக்காக நிற்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே அலுவலகத்தில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. அவரை விட்டுப் போக மனமில்லாமல் நானும் நிற்பேன். எக்ஸ்பிரஸில் போனவர்கள் டீ குடித்து முடித்த பிறகுதான் எங்கள் பஸ் ஊருக்குள் நுழையும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால்தான் அக்கா அதில் வருகிறார் என்று அலுவலகமே நம்பியது. ரயில், ஷேர் ஆட்டோ, பைக் என்று ஆளுக்கொரு வழியில் வந்தவர்கள் அவரது சிக்கனத்தைக் கேலி செய்வார்கள். அக்கா சிரித்துக்கொள்வார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "வீட்டுலயும் ஓட்டம், ஆபீஸ்லயும் ஓட்டம். இந்த பஸ்லதான் யாரும் எதுவும் கேக்காம உக்காந்திருக்கேன். அதயும் வெரசா கொண்டுபோய் விட்டா எப்படி?" ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் பேசவே மாட்டார். நானும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அக்காவின் மகனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி இருக்கும் கிருஷ்ணன்கோவிலில் வேலை கிடைத்தது. அம்மா காசை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை வருடமும் அந்த பஸ்ஸில் அல்லாடினாள் என்று அவனும் நினைத்திருக்கிறான். பைக் வாங்கியதும், போகிற வழியில் அம்மாவை இறக்கிவிட ஆரம்பித்தான். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள். "ஆசை ஆசையா வாங்கியிருக்கான். வேண்டாம்னு எந்த வாயால சொல்ல?" என்றார் அக்கா. மிச்சமான நேரத்தில் வீட்டில் ஒரு பொரியல் கூடியதுதான் கண்ட பலன். பிரியமாகச் செய்கிறவர்களிடம்தான் நமக்கு வாயடைத்துப் போகிறது. நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

போன மாதம் ஒருநாள் பைக் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அக்கா டவுன் பஸ்ஸுக்கு வந்தார். ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன். வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் அசையவில்லை.

"இறங்குவோமாக்கா?"

"நீ போம்மா. செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."

அப்போது அவரது கைபேசி அடித்தது. மகன்தான். கேட்டுவிட்டு, "சரிய்யா" என்று வைத்தார்.

"வண்டி சரியாயிருச்சாம். சாயந்தரம் கூட்டிட்டுப் போக வாரானாம்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.