இழை தேடிய விரல்கள்

பழைய பட்டுப்புடவைகளை நன்கொடையாகப் பெற்று விற்று, அந்தப் பணத்தில் கிராமங்களில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறார் மல்லிகா. காஞ்சிபுரத்தில் ஒரு கடை, ஐயம்பேட்டையில் ஒன்று. அவரே அந்த நோயிலிருந்து மீண்டவர். பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்கக் காஞ்சிபுரம் கடைக்குப் போயிருந்தேன்.

ஒரு மாம்பழ நிறப் புடவை பிடித்துவிட்டது. பேசிக்கொண்டே அதை மடியில் விரித்து, எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று முந்தானை வரை தடவிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்களின் பழக்கம் அது.

மல்லிகா சிரித்தார். "யாரோ கட்டின புடவைய இவ்ளோ பொறுமையா தடவிக்கினு இருக்கீங்களேக்கா. உங்க உடம்ப எப்பக்கா இப்படிப் பார்த்தீங்க?"

"போன மாசம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். ஒண்ணும் இல்லன்னாங்க."

பொய். இடது மார்பில் ஒரு கட்டி இருப்பது நான்கு மாதமாகத் தெரியும். பயத்தில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

"நானும் எங்க வீட்டுக்காரர்கிட்ட இதையேதான் சொல்லிக்கினு இருந்தேன், ஆறு மாசம்" என்றார் மல்லிகா. குத்திக்காட்டும் குரல் இல்லை. புடவையை மடிக்கத் தொடங்கினார்.

நான் நோட்டை மூடினேன். "எனக்கு இருக்குதுமா. நாலு மாசமா."

அவர் பாதி மடித்த புடவையை அப்படியே வைத்துவிட்டு, கடையைச் சாத்தி என்னோடு மருத்துவமனைக்கு வந்தார்.

அது சாதாரணக் கட்டி என்று பிறகு தெரிந்தது. கட்டுரையில், 'பல பெண்கள் பயந்து மறைக்கிறார்கள்' என்று எழுதினேன். அவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.