அக்காவுக்கு வராத நோய்

என் பெயரைக் கெடுத்தவள் என் அக்கா. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டிருந்தே கெடுத்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று கடம்பத்தூரில் இருந்த என்னையும் அவள் புருஷனுக்கே கட்டிவைத்தார்கள். வேறு எவளாவது வந்தால் அக்காவைத் துரத்திவிடுவாள், தங்கச்சி என்றால் அடங்கிப் போவாள் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். அதுவரை கம்பெனி பஸ்ஸில் ஷிப்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நான், வேலையை விட்டுவிட்டுக் கவரைப்பேட்டைக்கு வந்தேன். அவர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார்.

நான் கர்ப்பமானதும் அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எடுப்பதுபோல் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எச்ஐவி இருந்தது. அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், இருந்தது. அக்காவைப் பார்த்தார்கள், இல்லை. மறுபடி வரச்சொல்லிப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை.

மாமியார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னாடி இது? ஒரே ஊட்ல, ஒரே ஆம்பளகூட ரெண்டு பேரும் குடித்தனம் பண்றீங்க. பெரியவ எத்தினி வருசமா கீறா! அவளுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப இத்த யாரு கொண்டாந்தது? கம்பெனி பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தவதான?"

அக்கா அங்கேதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. புருஷனும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியவளுக்கு வரவில்லை, அதனால் சின்னவள்தான் கொண்டுவந்தாள் என்று எங்கள் சொந்தம் முழுக்க முடிவு கட்டிவிட்டது. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போவதுபோலத்தான் கேட்டேன், அவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று.

"நம்ம ரத்தத்துல நோயை எதிர்க்கிற அணு இருக்கும்மா. அது மேல ஒரு கொக்கி மாதிரி இருக்கும். இந்தக் கிருமி அந்தக் கொக்கியப் புடிச்சுத்தான் உள்ள நுழையும். ரொம்ப அபூர்வமா சிலருக்குப் பொறக்கும்போதே அந்தக் கொக்கி இருக்காது. இன்னும் சிலருக்குள்ள இருக்கிற வேற அணுவுங்க, வந்த கிருமியப் பரவ விடாம அடிச்சுடும். உங்க அக்காவுக்கு எதனாலன்னு இங்க பாக்க வசதி இல்ல. வெறும் அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம். ஆனா அவங்களுக்கு வரலங்கிறத வச்சு யாரு கொண்டுவந்தாங்கன்னு சொல்லவே முடியாது."

"ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு மட்டும் ஏன் அந்தப் பாதுகாப்பு இல்ல?"

"அவங்க கலர்லயா நீங்க இருக்கீங்க?" என்றார்.

நல்ல கேள்வி. அக்கா சிவப்பு, நான் கறுப்பு. அவள் முடி இடுப்புக்குக் கீழே, எனக்குத் தோளோடு சரி. சின்ன வயதிலிருந்தே இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வெந்தவள் நான். ரத்தத்துக்குள்ளேயும் அவளுக்குத்தான் நல்லதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் எங்கள் அம்மா.

ஒருநாள் மீன் நறுக்கும்போது அக்கா கையை வெட்டிக்கொண்டாள். ரத்தம் சொட்டியது. துணி எடுக்க ஓடாமல் அந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் ரத்தத்தை வெளியே எடுத்து ஊற்றிவிட்டு இதை உள்ளே ஊற்ற முடியாதா என்று தோன்றியது. நான் தினமும் மாத்திரை போடுகிறேன். ஆரம்பத்தில் அந்த மாத்திரை மயக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாத்திரையால் என் மகள் நோயில்லாமல் பிறந்தாள், நானும் நன்றாக இருக்கிறேன். ஆனாலும் அக்கா மாத்திரை எதுவும் இல்லாமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால்கூட எனக்கு எரியும். அவள் பத்தியம் இருக்கவில்லை, சாமி கும்பிட்டு வாங்கவில்லை. சும்மா கிடைத்திருக்கிறது.

இப்போது என் மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. மாமியார் சொல்லிவிட்டார்: "பொண்ணு பக்கத்துல பெரியவ நிக்கட்டும். நலங்கு அவ வெக்கட்டும். நீ கீழ குந்திக்கினு பாரு. நல்ல காரியத்துல வம்பு வாணாம்."

பெற்றவள் கீழே, அவள் மேடையில். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே அவருக்கு நெஞ்சைச் சுத்தி அக்கி வந்துச்சே. நீதான காவி வச்சு அக்கி எழுத இட்டும்போன? அப்புறம் மாசக்கணக்கா காய்ச்சல்ல இளைச்சாரே. இந்த நோவு உள்ள இருந்தா அப்படி வரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அத்தகிட்ட சொல்லேன்."

"எனக்கு அப்ப இன்னா தெரியும்? அக்கின்னுதான நெனச்சேன்."

"அப்ப தெரியல, சரி. இப்பத் தெரியும் இல்ல?"

கையில் இருந்த புடவையை உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "என் உடம்ப ஒண்ணுத்துக்கும் ஒதவாத உடம்புன்னு சொன்னாங்க எல்லாரும். நீயும் நெனச்சிருப்ப. இப்பதான் சுத்தமான உடம்புன்னு கையெடுத்துக் கும்பிடறாங்க. நீ புள்ள பெத்துக்கின. எனக்கு இது ஒண்ணுதான். இத்தயும் குடுக்கணுமா?"

"உன் உடம்ப எவ கேட்டா? உண்மையச் சொல்லு."

"சொன்னா, தெரிஞ்சே தங்கச்சியக் கெணத்துல தள்ளிட்டான்னு என்னைச் சொல்லுவாங்க. போடி."

அவள் என்மேல் இவ்வளவு பொறாமை வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இருக்கட்டும். அதற்காக என் மகளுக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்தைக் கொடுக்க முடியாது.

புருஷனிடம் கேட்டேன். "இப்ப இன்னாத்துக்குப் பழச பேசற, பேஜாரு" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். அவர் சொன்னாலும் எடுபடாது, சின்னவள் சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள். இந்த வீட்டில் சொன்னால் நம்பக்கூடிய வாய் அக்காவின் வாய் ஒன்றுதான்.

அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். அக்கா, உனக்கு வராததற்கு உன் ரத்தம் காரணமாக இருக்கலாம். உன் ஒழுக்கம் காரணமில்லை. எனக்கு வந்ததற்கு என் ஒழுக்கமும் காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் சீர் வரும்போது மண்டபத்தில் மைக் வைத்திருப்பார்கள். அதை வாங்கு. மாமியார் முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால், என் மகள் முன்னால் பதில் சொல். அவருக்கு உடம்பு கெட்டது நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகா, வருவதற்கு முன்பா?