அன்னாசிப்பழத்துக்கு ஊதுபத்தி வைத்த கிறிஸ்துமஸ்

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அங்கே விருந்து நடக்கும். கேக்கில் முட்டை, கட்லெட்டில் மாட்டிறைச்சி. நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். மூன்றாவது வருஷம் பக்கத்து மேஜைச் சேச்சி கேட்டுவிட்டாள். பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தப்பாமல் போகிறவள்.

"அம்மியாரே, நீ விருந்துக்கு வந்ததா, எங்களுக்குக் காவல் நிக்க வந்ததா?"

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணப் பெண்களை அங்கே அம்மியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று அப்போதே முடிவு பண்ணினேன். அடுத்த வருஷம் அந்த மேஜை நடுவில் நான் செய்த ஒன்று இருக்கும். அதை அவர்களும் சாப்பிடுவார்கள், அவர்களோடு நின்று நானும் சாப்பிடுவேன்.

ஒரு வாரப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன்: நிற்கவைத்த அன்னாசி, அதன் உடம்பெல்லாம் குச்சியில் குத்திய பழத் துண்டுகள். அடுத்த டிசம்பரில் படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வே கடைத்தெருவில் கறுப்புத் திராட்சையும் ஆரஞ்சும் வாங்கினேன். அன்னாசியும் கொய்யாவும் பப்பாளியும் இங்கேயே கிடைத்தன. பல் குத்தும் குச்சியில் கனத்த துண்டு நிற்காது. பச்சைத் தென்னோலையைக் கிழித்து ஈர்க்குச்சி சீவினேன். முதல் அன்னாசி குடைசாய்ந்தது, அதைத் துண்டு போட்டேன். இரண்டாவதின் அடியைத் தட்டையாக வெட்டினேன், அசையாமல் நின்றது. கொய்யா கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிந்தேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "பத்துப் பேர் கைவச்ச தட்டுலேர்ந்து நீயும் எடுத்துத் திம்பியோ?"

"திம்பேன்."

"எச்சிலு, பத்துன்னு ஆசாரம் ஒண்ணும் கிடையாதா உனக்கு?"

நான் அடுத்த துண்டைக் குச்சியில் குத்தினேன். பதில் சொன்னால் சண்டையாகும், பழம் வாடிவிடும்.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, வாழையிலை விரித்து, அன்னாசியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் செவ்வந்திப் பூ வைத்தேன். ஆபீஸ் மேஜையில் கொண்டுபோய் இறக்கியதும் ஈ மொய்க்க ஆரம்பித்தது. எதிரே மீன் இறங்கும் படகுத்துறை, ஈக்குப் பஞ்சமா? சனியன்களைத் துரத்த இரண்டு ஊதுபத்தி கொளுத்தி ஒரு வாழைப்பழத்தில் செருகினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் செருகுவோம், வேறு யோசனையே வரவில்லை.

எல்லாரும் வந்தார்கள். "எந்தொரு பங்கி!" என்றார்கள், அழகாம். சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டுவிட்டார். கேக் போயிற்று, கட்லெட் போயிற்று. என் அன்னாசியிலிருந்து ஒரு திராட்சைகூடக் குறையவில்லை.

சேச்சியை ஓரமாக இழுத்துக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மோளே, கோபப்படாதே. இது உங்க சாமிக்குப் படைச்சதல்லே? நாங்க அது கழிக்கக் கூடாது." கழிப்பதென்றால் அங்கே சாப்பிடுவது.

அடக் கடவுளே! தாம்பாளம், இலை, பூ, ஊதுபத்தி. நான் விருந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன், பூஜை வைத்திருக்கிறேன். என் முட்டாள்தனத்தின் மேல் வந்த ஆத்திரம் மூக்குக்கு மேல் ஏறியது. வாயால் எத்தனை சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். சாமிக்கு வைக்கிற பண்டத்தைப் பூஜை முடிவதற்குமுன் எங்கள் வீட்டில் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டோம், அது அவர்களுக்கும் தெரியும். நேரே மேஜைக்குப் போனேன். ஊதுபத்தியைப் பிடுங்கித் தண்ணீர் டம்ளரில் அமுக்கினேன். உச்சியிலிருந்த அன்னாசித் துண்டை உருவிப் பாதியைக் கடித்தேன்.

"ஈ விரட்டத்தான் கொளுத்தினேன்! சாமிக்கு வச்சதை யாராவது இப்படிக் கடிச்சு எச்சில் பண்ணுவாளா? பாருங்கோ!" தமிழும் மலையாளமுமாகக் கத்தினேன். மோவாயில் சாறு வழிந்தது. மேனேஜர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சேச்சி என் பக்கத்தில் வந்தாள். என் கையிலிருந்த ஈர்க்குச்சியை வாங்கினாள். நான் கடித்த மிச்சத்தை வாயில் போட்டு மென்றாள்.

"புளிப்பு," என்றாள். பிறகு ஒரு கொய்யாத் துண்டை எடுத்துப் பாதி கடித்து, மீதியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

என் அம்மா கடித்ததைக்கூட நான் தின்றதில்லை. வாயைத் திறந்தேன்.