நல்லதுக்கு மாற்றிய வலி மருந்து

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் கெடு அக்கா. விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அனுமதி தரும் குழுவில் எழுத்தர் வேலை. ஒருமுறை தந்த அனுமதி காலத்துக்கும் செல்லாது. ஆண்டுதோறும் குழு கூடி, இதுவரை என்ன செய்தீர்கள், விலங்குகள் எப்படி இருக்கின்றன, இன்னும் இது தேவைதானா என்று கேட்டுத்தான் புதுப்பிக்கும். கெடு தாண்டிவிட்டால் தீனி, தண்ணீர், கூண்டு சுத்தம், அவ்வளவுதான். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

அதனால் கெடு நெருங்க நெருங்க அவள் கதவு கதவாகப் போய் நிற்பாள். பேராசிரியர்கள்கூட அவளைக் கண்டதும் போனைக் காதுக்குக் கொடுத்துவிடுவார்கள். "வீட்லயும் இதே கதைதான். அழுக்குச் சட்டையைத் துவைக்கப் போடக்கூட எனக்குக் கெடு உண்டு" என்பார் பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் அவள் கணவர்.

அவளைப் பார்த்து ஓடாதவன், சுருட்டை என்று அவள் கூப்பிடும் பையன் ஒருவன்தான். தீப்புண் ஆற்றும் களிம்பை எலிகளில் சோதித்துக்கொண்டிருந்த மாணவன். அது அவனுக்குக் கடைசி ஆண்டு. அனுமதி நின்றால் பட்டமும் நின்றுவிடும்.

புதுப்பிக்கும் கூட்டத்தன்று காலை, அவள் மேஜையோரம் டீ குடித்தபடி அவன் சந்தோஷமாகச் சொன்னான்: "வலி மருந்தை மாத்தினதுல இருந்து எலிங்க நல்லா சாப்பிடுதுக்கா."

அவள் தன் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்ப மாத்தினே? யார்கிட்ட கேட்டே?"

"ரெண்டு மாசம் இருக்கும். நல்லதுக்குத்தானேக்கா மாத்தினேன்?"

"நல்லதா இருந்தாலும் முதல்ல குழுகிட்ட கேட்கணும்டா. ஒத்துக்கிட்டது பழைய மருந்துக்கு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க கேட்காத மாதிரி இருந்துடுங்களேன்."

அவளுக்கும் சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அவள் மகன் வயதுதான் அவனுக்கும். ஆனாலும், "காதுல விழுந்துடுச்சேப்பா. நீயா சொன்னா ஒரு மாதிரி, நான் சொன்னா வேற மாதிரி" என்றாள்.

அவன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

கூட்டத்தில் அவன் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொன்னான். குழுவின் தலைவரம்மாவின் முகம் இறுகியது. குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் உடனே அவனை அழைத்துக்கொண்டு கூண்டுகளைப் பார்க்கப் போனார். அவர்கள் திரும்பும்வரை கெடு அக்கா பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எலிங்களுக்கு வலி குறைஞ்சிருக்கு, அது நிஜம்" என்றார் மருத்துவர். "ஆனா புண் ஆறினது களிம்பாலயா, புது மருந்தாலயான்னு குழம்பும். மாத்துறதுக்கு முன்னாடி வந்த கணக்கையும் பின்னாடி வந்த கணக்கையும் தனித்தனியா வைக்கணும்."

அந்த நிபந்தனையோடு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. இனி எதை மாற்றினாலும் கேட்டுவிட்டுத்தான் என்று தலைவரம்மா அவனைக் கண்டித்தார். பிறகு, பழைய மருந்தையே கொடுத்துவரும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் இந்தப் புது மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்டுவரும்படி கெடு அக்காவிடம் சொன்னார்.

சாயங்காலம் சுருட்டை வந்து நின்றான். "ரொம்ப நன்றிக்கா. காலையில உங்க மேல எவ்வளவு கோபம் வந்துது தெரியுமா?"

"நான்தான்டா உனக்கு நன்றி சொல்லணும். கூட்டத்துல நீ வாயைத் திறக்கிற வரைக்கும், நான் சொல்வேனா மாட்டேனான்னு எனக்கே தெரியலை."

அவன் சிரித்துவிட்டு, எலிகளுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று ஓடினான்.